பாட்டில் வராத நாள்

“இது என்ன, ரத்தமா... ஐஸ்க்ரீமா?”

அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். முதல் சந்திப்பு பற்றி அவளும்தான் என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தாள்... எல்லாம் போச்சு!

இத்தனை வருஷம் கழித்தும் மழை பிடித்துக்கொண்டால் அவளுக்கு அந்த லேப் வாசல்தான் நினைவுக்கு வரும். குழந்தைகள் வார்டிலிருந்து முற்றத்தை ஓடிக் கடந்ததில் வெள்ளைக் கோட்டு தெப்பலாக நனைந்திருந்தது. நெற்றி முடியிலிருந்து வழிந்த ஒரு சொட்டு மூக்கு நுனியில் வந்து நின்றது. அவள் நீட்டிய ரத்தப் பாட்டிலை வாங்கிய லேப் டாக்டர் முகத்தைச் சுளித்தான்.

“ஏன் இவ்வளவு ஜில்லுன்னு இருக்கு?”

“மழை விடட்டும்னு... ஃபிரிட்ஜ்ல வெச்சிருந்தேன்.”

“ஃபிரிட்ஜ்லயா? ஏங்க, ரத்தத்துல கிருமி இருக்கான்னு வளத்துப் பாக்கத்தானே அனுப்பறீங்க? குளிர்ல போட்டா அது எப்படிங்க வளரும்? டாக்டருக்குப் படிச்சவங்கதானே நீங்க?”

ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது. தெரியாமல் இல்லை. அவசரத்தில் மற்ற ட்யூப்களோடு சேர்த்து வைத்துவிட்டாள். அதைச் சொல்லியிருக்கலாம்... ரோஷம் விட்டால்தானே!

“கத்தறது சுலபம். அந்தக் குழந்தைய வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க!”

விருட்டென்று மழைக்குள் இறங்கிவிட்டாள்.

நடந்தபோது கோபம் போய் பயம் வந்தது. குட்டிம்மா என்று அம்மா கொஞ்சும் அந்தச் சின்னப் பெண், உடம்பு கொதிக்கக் கிடந்தாள். ஊசி குத்தியபோதுகூட அழவில்லை. ரத்தம் எடுத்த கையோடு மருந்தும் ஏற்றியாகிவிட்டது. இனி மறுபடி எடுத்தால் கிருமி பிடிபடுமோ, படாதோ. எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால் எந்த மருந்து கேட்கும் என்றும் தெரியாது. எல்லாம் அந்த ஒரு பாட்டிலில்தான் இருந்தது, அதைத்தான் அவள் குளிரில் வைத்துவிட்டாள்.

“பாட்டில் சாமியார்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டீங்களாமே?” என்றார் வார்டு சிஸ்டர், மறுநாள் காலை.

“யாரு சிஸ்டர் அது?”

“அந்த லேப் டாக்டர்தான். பொழுதன்னிக்கும் பாட்டிலத் தூக்கி வெளிச்சத்துல பாத்துக்கிட்டே இருப்பாரு. பொண்ணுங்க பக்கம் தலை திரும்பினதே இல்ல.”

இப்போது அந்த வேலையை மெஷின் பார்த்துக்கொள்கிறது. அப்போது கண்தான். மேலே தெளிந்து நிற்கும் திரவம் கலங்கினால், உள்ளே கிருமி வளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

குட்டிம்மாவின் காய்ச்சல் இறங்கவில்லை. ரோஷத்தை விழுங்கிக்கொண்டு அவளே லேப்புக்குப் போனாள். அவன் ஜன்னலோரம் அந்தப் பாட்டிலைத்தான் உயர்த்திப் பிடித்திருந்தான். எதிரே போய் நின்று அவளும் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கண்கள்... தூக்கமில்லாமல் சிவந்து, கேலியெல்லாம் வடிந்து, அவளைப் போலவே பயந்து போய். அடடா, இந்தக் கண்ணையா திட்டிக்கொண்டிருந்தோம் என்று மனசு ஒரு நிமிஷம் தடுமாறியது.

“இன்னும் தெளிவாத்தான் இருக்கு... குழந்தை எப்படி இருக்கா?”

“அழவே மாட்டேங்கறா...”

அவன் பாட்டிலை மறுபடி வெளிச்சத்துக்கு உயர்த்தினான்.

மறுநாள் காலை, குடையைக்கூட மறந்து, சொட்டச் சொட்ட வார்டுக்குள் ஓடி வந்தான் அவன்.

“கலங்கிடுச்சுங்க! மைக்ராஸ்கோப்ல பாத்துட்டேன். நீங்க குடுக்கற மருந்து இதுக்குக் கேக்காது, உடனே மாத்துங்க!”

மாற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு இறங்கியது. அடுத்த முறை ஊசி குத்தியபோது குட்டிம்மா ஊரைக் கூட்டினாள்! அந்த அழுகையைக் கேட்டு டாக்டரும் அழுதாள். “கண்ணுல தூசியா டாக்டர்?” என்றார் சிஸ்டர், குறும்பாக.

குட்டிம்மா வீட்டுக்குப் போனாள். இவர்கள் கதைதான் நகரவில்லை. திட்டினவர் வந்து பேசட்டும் என்று அவள். கோபித்துக்கொண்டவள் பேசட்டும் என்று அவன். ஆனால் வார்டில் ஆள் இருந்தும், காய்ச்சல் குழந்தைகளின் பாட்டிலை அவளேதான் எடுத்துப் போனாள், உள்ளங்கைக்குள் பொத்தி. “சரியா இருக்கா?” என்பாள். “ம்... இருக்கு” என்பான். அவ்வளவுதான் பேச்சு. அதற்கே அன்று முழுக்க அவள் கால் தரையில் பாவாது!

மழை ஓய்ந்தது. வெயில் அடித்த ஒரு நாள், வார்டு டெலிபோன் மணி அடித்தது.

“லேப்லேர்ந்து பேசறேன்... இன்னைக்கு பாட்டில் எதுவும் வரலையே?”

“யாருக்கும் புதுசா காய்ச்சல் இல்லைங்க.”

“ஒருத்தருக்குக்கூடவா?”

“ஒருத்தருக்குக்கூட.”



“நல்ல விஷயம்தான். சந்தோஷப்படணும். ஆனா எனக்கு... காலையிலேர்ந்து வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேங்க. குழந்தைங்களுக்குக் காய்ச்சல் இல்லையேன்னு ஒரு மனுஷன் ஏங்கலாமா? நான் அவ்வளவு கெட்டவனா?”

அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின்னால் போர்வை மடித்துக்கொண்டிருந்த சிஸ்டரின் கை நின்றுவிட்டது. கேட்டால் கேட்கட்டும்!

“நான் மட்டும் என்னவாம்?” என்றாள் மெதுவாக. “காலையிலேர்ந்து ஒவ்வொரு குழந்தை நெத்தியையும் தொட்டுத் தொட்டுப் பாக்கறேன்... ஒண்ணுகூட சுடலையேன்னு. நானும் கெட்டவதாங்க.”