மாமாவின் புதுச் செருப்பு

ஏதென்ஸ் நகரத்தில் எங்கள் தோட்டத்தைப் பற்றி வம்பு பேசாத வாயே கிடையாது. "அங்கே எந்நேரமும் தீனியும் குடியும்தானாம்!" என்பார்கள். ஆசான் எபிக்யூரஸ் விட்டுப்போன தோட்டப் பள்ளி இது. 'இன்பமாக வாழ்வது எப்படி' என்பதுதான் எங்கள் பாடம். அதனால் வந்த கெட்ட பெயர்.

அந்த வம்பு துறைமுகம் வரை போய், கயிற்று வியாபாரி நௌசோன் காதிலும் விழுந்தது. அவர் லிசில்லாவின் தாய்மாமா.

லிசில்லாவுக்குப் பத்து வயது. அப்பா இல்லை. அவளும் அம்மாவும் எங்களோடு தங்கிப் படித்தார்கள். ஆனால், அவர்கள் இருவரும் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை மாமாவிடம்தான் இருந்தது.

மாதத்தின் இருபதாம் நாள் எங்களுக்கு விருந்து நாள். அன்று பார்த்து வந்து நின்றார் மாமா.

"எங்க என் தங்கச்சி? மூட்டையைக் கட்டு! இந்தக் குடிகாரக் கூட்டத்துல நம்ம வீட்டுப் பொண்ணு ஒரு நாள்கூட இருக்கக் கூடாது!"

லிசில்லாவுக்கு அழுகை வந்துவிட்டது. மாமா வீட்டுப் பெண்கள் கம்பளி நூல் நூற்பார்கள். படிப்பு என்ற பேச்சே அங்கே கிடையாது.

எங்கள் ஆசிரியர் டோரியோன் ஓடி வந்தார். வாதம் என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"உட்காருங்க ஐயா. இன்பம்னா என்னன்னு முதல்ல பேசிடலாம்."

"நின்னுக்கிட்டே பேசுறேன்! எங்க உங்க விருந்து? வறுத்த விலாங்கு மீன் எங்க?"

"பார்லி ரொட்டி இருக்கு. பருப்புக் கூழ் இருக்கு. இன்னிக்கு விசேஷமா கொஞ்சம் பாலாடைக்கட்டி."

மாமாவின் முகம் தொங்கிப்போனது. திட்டுவதற்காக வந்தவர்தான். ஆனாலும் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு வந்திருந்தார்!

"வலி இல்லாம இருக்கிறதுதான் ஐயா பெரிய இன்பம்," என்றார் டோரியோன்.

"வாய்ப்பந்தல் போடாதீங்க!"

இவர் விளக்க விளக்க, அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. லிசில்லாவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மூட்டை கட்டப் போனாள்.

லிசில்லா மாமாவின் கால்களையே பார்த்தாள். இடது காலைத் தூக்கினார். பிறகு வலது காலை. விருந்துக்கென்று வாங்கிய புத்தம்புதுச் செருப்பு. துறைமுகத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறார். அவளுக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"மாமா, செருப்பு கடிக்குதா?"

"யார் சொன்னா? விலை உயர்ந்த செருப்பு இது! எப்படிக் கடிக்கும்?"

"விலை கூடுனா பல்லும் பெருசா இருக்கும் மாமா."

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டார். லிசில்லா குனிந்து வாரை அவிழ்த்தாள். சுண்டுவிரலில் தோல் உரிந்திருந்தது. கையைப் பிடித்து மெல்ல நடத்தி, கீரைப் பாத்தி ஓரத்து வாய்க்காலில் காலை வைக்கச் சொன்னாள்.

"ஆ...ஹா!"

தோட்டம் முழுக்கக் கேட்டது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். டோரியோன் வாயைத் திறந்தார். லிசில்லா, 'உஷ்' என்று உதட்டில் விரலை வைத்தாள். எனக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல இருந்தது.

பிறகு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு வாய் தின்றதும் மாமா கேட்டார்.

"இதைத்தான் இவ்வளவு நேரமா சொன்னீங்களா ஐயா?"

"இதேதான்," என்றார் டோரியோன்.

"அதை இவளை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா வந்து நின்றாள். "மூட்டை கட்டியாச்சு அண்ணே."

"அவிழ்த்துப் போடு. பொண்ணு இங்கேயே படிக்கட்டும். இன்னொரு ரொட்டி இருக்கா?"

அடுத்த இருபதாம் நாள் கதவு தட்டும் சத்தம் கேட்டு லிசில்லா ஓடிப்போய்த் திறந்தாள். மாமா வெறுங்காலோடு நின்றார். பின்னால் துறைமுகத்து ஆட்கள் நான்கு பேர் நொண்டிக்கொண்டு வந்தார்கள்.

"இவங்களுக்கும் அந்த இன்பம் வேணுமாம் கண்ணு," என்றார் மாமா.

வாய்க்காலில் இடம் போதுமா என்று லிசில்லா திரும்பிப் பார்த்தாள்.