ஒரே ஒரு பொதிக்குப் பூட்டு

யசோதினிக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுத்து எங்கே இருந்தாலும் வாசித்துவிடுவாள். பிஸ்கட் பக்கெட்டின் பின்பக்கம், பனடோல் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், பஸ் சீட்டின் முதுகில் யாரோ கிறுக்கிய பெயர், ஒன்றையும் விடமாட்டாள். "சோறு ஆறிப்போவுது, அந்த உப்புப் பக்கெட்டைக் கீழ வை புள்ள!" என்று அம்மா ஜெயராணி தினமும் ஒரு தடவையாவது சத்தம் போடுவார்.

அன்று காலை ஹேவாஹெட்டயில் உள்ள அவளுடைய தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஒரே பரபரப்பு. பத்து மணி முப்பத்தொரு நிமிடத்துக்கு ஒரு செய்மதி வடக்கு அடிவானத்தில் எழுந்து, பாடசாலைக்கு நேர் மேலே கடந்து போகப்போகிறது!

அது வானிலைச் செய்மதி. எண்ணூறு கிலோமீற்றர் உயரத்தில் பறந்தபடியே பூமியைப் படம் எடுக்கும். எடுத்த படத்தை அப்போதே வானொலி அலையாகக் கீழே அனுப்பும். ஓர் அன்டெனாவும் ஒரு கணினியும் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஹேவாஹெட்டப் பிள்ளைகளும் பிடிக்கலாம்! இதை முதன்முதலில் கேட்ட நாளில் தரம் ஆறு முழுவதும் வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தது.

அன்டெனா அவர்களுடையது அல்ல. தெல்தெனியவில் ஒரு பாடசாலை ஒரே ஒரு நாளுக்கு இரவல் தந்தது. மூன்று மணி பஸ்ஸில் திருப்பி அனுப்ப வேண்டும். ஆகவே இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு.

பெற்றோரும் வந்திருந்தார்கள். மண்டபத்தில் எழுபது பேராவது இருப்பார்கள். யசோதினியின் அம்மா கொழுந்து பறிக்கப் போகாமல், கங்காணியிடம் கெஞ்சி அரைநாள் லீவு வாங்கிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நின்றார்.

பத்து மணிக்குச் சிக்கல் தொடங்கியது. பாடசாலைக்குப் புதிதாக வந்த புரொஜெக்டரைக் கணினியோடு இணைத்தார் சுந்தரி டீச்சர். சுவரில் வெறும் நீல நிறம்தான் தெரிந்தது.

"அப்டேட் செஞ்சா வந்துரும் டீச்சர்," என்றான் இளங்கோ. வகுப்பில் கணினிக்குப் பொறுப்பான மாணவன் அவன்தான். அவனுடைய விரல்கள் விசைப்பலகையில் ஓடுவதைப் பார்த்தால் தலை சுற்றும்.

அந்தப் பாடசாலையில் இணையம் நம்பமுடியாத ஆள். ஆகவே டீச்சர் பாடசாலைத் தவணைக்கு ஒரு தடவை கண்டிக்குப் போய், கணினிக்கு வேண்டிய புதுப்பித்தல்களை எல்லாம் ஒரு வட்டில் நிரப்பிக்கொண்டு வருவார். இளங்கோ அந்த வட்டைச் செருகினான். 'வட்டில் உள்ளபடியே கணினியை மாற்று' என்று ஒரு கட்டளை தட்டினான். திரையில் நீளமாக ஒரு பட்டியல் வந்தது. கடைசியில் ஒரு கேள்வி: தொடரவா? யெஸ் அல்லது நோ.

இளங்கோ அந்தக் கேள்விக்கு எப்போதும் யெஸ்தான் சொல்வான். கேள்வி வந்து முடியும் முன்பே சொல்லிவிடுவான். யார்தான் அந்தப் பட்டியலை வாசிப்பார்கள்?

யசோதினி வாசிப்பாள்.

அந்தக் கணினியை இயக்கியது லினக்ஸ் என்ற மென்பொருள். அது ஒரே துண்டாகச் செய்த பொருள் அல்ல. ஆயிரக்கணக்கான சிறு சிறு பொதிகள் சேர்ந்தது. ஒவ்வொரு பொதியையும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் எழுதுகிறார். திருத்தும்போதெல்லாம் பதிப்பு எண்ணைக் கூட்டுகிறார். ஒருவரையொருவர் பார்த்தே இராத அத்தனை பேரின் வேலை எப்படி இந்த ஒரு பெட்டிக்குள் சண்டை போடாமல் இருக்கிறது? யசோதினிக்கு அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் மெய்சிலிர்க்கும்.

இன்றைக்கு நாற்பத்தாறு பொதிகள். பக்கத்தில் பழைய எண், ஓர் அம்புக்குறி, புதிய எண். மூன்று நாலாகிறது. ஏழு எட்டாகிறது. எல்லாம் கூடிக்கொண்டே போயின.

"தட்டாத இளங்கோ! ஒரு நிமிஷம்!"

"ஏன்? நேரம் போவுது!"

"எல்லாம் கூடுது. இது மட்டும் கொறையுது பாரு. இப்ப ரெண்டு புள்ளி நாலு. அப்டேட் செஞ்சா ஒன்னு புள்ளி ஒம்பது."

"அதெப்பிடி? அப்டேட்னா முன்னுக்குத்தானே போகும்?"

இருவரும் பொதியின் பெயரைப் பார்த்தார்கள். இளங்கோவின் கை தானாகப் பின்னால் வந்தது. அது செய்மதிப் படத்தைப் பிரித்துக் காட்டும் செயலி!

சுந்தரி டீச்சர் ஓடிவந்து பார்த்தார். "ஐயோ! இந்த வட்டு ஜனவரியில நிரப்பினது. பேராதனைப் பல்கலைக்கழகத்துல படிக்கிற சர்மிளா இந்தச் செயலியைப் போட்டுக் குடுத்தது போன வாரம். வட்டுல இருக்கிறது பழசு. பழைய பதிப்புக்கு இந்தச் செய்மதியையே தெரியாது!"

"அது பழசுன்னு நம்ம கம்பியூட்டருக்குத் தெரியாதா டீச்சர்?" என்று கேட்டான் இளங்கோ.

"வட்டுல உள்ளபடி மாறுன்னு நாமதானே சொன்னோம். அது சொன்னதைச் செய்யுது."

இளங்கோ முகம் வெளிறி 'நோ' என்று தட்டினான். மணி பத்து ஒன்பது.

"என்னா டீச்சர், படம் ஓடுமா ஓடாதா?" என்று வாசலில் நின்று கேட்டார் அதிபர் ராஜலிங்கம். பின்வரிசையில் ஒரு தாத்தா, "யாரு நடிச்ச படம்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார்.

புதுப்பித்தால் செய்மதி வராது. புதுப்பிக்காவிட்டால் சுவரில் ஒன்றும் தெரியாது. டீச்சர் பெருமூச்சு விட்டார். "அப்டேட் வேணாம். இந்தச் சின்னத் திரையிலயே பாப்போம். முன்னுக்கு இருக்கிற பத்துப் பேருக்காவது தெரியும்."

யசோதினி திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் அம்மா குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பார்க்காமல் போவதா?

"டீச்சர், ஒரு பொதியை மட்டும் பூட்டி வைக்கலாம். பூட்டினா, கம்பியூட்டர் அதைத் தொடாது. மத்ததை எல்லாம் மாத்தும். உதவிப் பக்கத்துல போட்டிருக்கு."

"உதவிப் பக்கத்தையா வாசிச்ச?" இளங்கோவால் நம்பமுடியவில்லை. "அதைக் கூடவா வாசிப்பாங்க?"

"போன வாரம் மழை பேஞ்சுச்சே, வெளிய போக முடியல. அதான்."

டீச்சர் சிரித்துவிட்டார். "சரி, நீயே உக்காரு."

இளங்கோ எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தான். எழுபது பேருக்கு முன்னால் தலை குனிந்து ஓரமாகப் போகப் பார்த்தான். யசோதினி உட்காரவில்லை.

"நான் ஒவ்வொரு எழுத்தா தேடித் தட்டினா செய்மதி வீட்டுக்குப் போயிரும். நீயே தட்டு. நான் வாசிக்கிறேன்."

அவள் உதவிப் பக்கத்தைப் பார்த்து வாசித்தாள், அவன் தட்டினான். 'அப்படி ஒரு பொதி இல்லை' என்றது கணினி. பார்த்தால், அவசரத்தில் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. மறுபடி தட்டினான். பூட்டு விழுந்தது.

புதுப்பித்தலை மீண்டும் கேட்டார்கள். இப்போது நாற்பத்தைந்து பொதிகள். செய்மதிச் செயலியின் பெயரே பட்டியலில் இல்லை. இளங்கோ யெஸ் சொல்லவில்லை. மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து, ஒவ்வோர் எண்ணாக வாசித்தான். "எல்லாம் கூடுதுதானே?" என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் தட்டினான்.

பன்னிரண்டு நிமிடங்கள் எடுத்தது. கணினி அணைந்து மறுபடி எழுந்தது. பத்து இருபத்தொன்பதுக்குச் சுவர் பளிச்சென்று ஒளிர்ந்தது. பெற்றோர் கைதட்டினார்கள்.

"இது இன்னும் படம் இல்லீங்க!" என்றார் டீச்சர்.

பத்து முப்பத்தொன்று. ஒன்றும் இல்லை. முப்பத்திரண்டு. ஒன்றும் இல்லை. இளங்கோ நகம் கடித்தான். முப்பத்து மூன்றுக்குச் சுவரின் உச்சியில் நூல் போல ஒரு கோடு விழுந்தது. அதன் கீழே இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று.

கோடுகள் சேர்ந்து ஒரு கரையானது. இந்தியாவின் கரை. பிறகு கருநீலக் கடல். கடலுக்குள் ஏதோ மெல்ல முளைத்தது.

"யாழ்ப்பாணம்!" என்று யாரோ கத்தினார்கள்.

"அது மன்னார்!"

சமூகக்கல்விப் புத்தகத்தில் பார்த்த அதே வடிவம். ஆனால் இதை யாரும் வரையவில்லை. இந்த நிமிடத்தில், தலைக்கு மேலிருந்து, உள்ளது உள்ளபடி வந்துகொண்டிருந்தது. இலங்கை கோடு கோடாகப் பிறந்தது. தாத்தா கூட மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

தீவின் நடுவே வந்ததும் பச்சை மறைந்து வெள்ளை படர்ந்தது.

"படம் கெட்டுப் போச்சா?" என்று கிசுகிசுத்தான் இளங்கோ.

யசோதினி ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மலையெல்லாம் மூடுபனி. மைதானத்தின் மறுமுனை கூடத் தெரியவில்லை.

"கெடல," என்றாள். "அது இந்த மேகம்தான். அந்த வெள்ளைக்குள்ளதான் நம்ம எல்லாரும் இருக்கோம்."

எழுபது தலைகள் ஜன்னலுக்குத் திரும்பின. பிறகு சுவருக்கு. மறுபடி ஜன்னலுக்கு. இடைவேளை மணி அடிக்க வேண்டியதை அதிபரே மறந்து நின்றார்.

தீவு முடிந்தது. பிறகு கடல். அதற்குக் கீழும் கடல். முடிவே இல்லாத கடல். கோடுகள் மங்கி நின்றபோதும் யாரும் இடத்தை விட்டு நகரவில்லை. இளங்கோதான் முதலில் வாய் திறந்தான். "யசோதினி வாசிக்கலன்னா இது வந்திருக்காது," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெளியே வந்ததும் அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது இப்ப எங்க போவுது?"

"தென் துருவத்துக்கு அம்மா. அரைமணி நேரத்துல போயிரும்."

"நம்ம பஸ் கண்டிக்கே போய்ச் சேராதே!" என்றார் அம்மா. அண்ணாந்து பார்த்தார். வெறும் வெள்ளைதான் தெரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கையை உயரத் தூக்கி மெல்ல ஆட்டினார்.

யசோதினியும் ஆட்டினாள்.