ஏழு சக்கை

மதியம் இரண்டு மணிக்குப் பக்கத்து மாவு மில் நின்றது. மூர்த்தியின் தலைக்கு மேல் ஃபேன் நிற்கவில்லை.

அந்த வருஷம் வேங்கிக்கால் முழுக்க இரண்டிலிருந்து நான்கு வரை கரண்ட் கிடையாது. மில் நிற்கும், ஃபேன் நிற்கும், யூ.பி.எஸ். கத்தும், மில்காரர் மண்ணாங்கட்டி வாசலுக்கு வந்து கரண்டை நிறுத்தியவனின் தாயையும் தகப்பனையும் விசாரிப்பார். இரண்டு மாதமாக இந்த வரிசை மாறியதில்லை. இன்று மில்லோடு சரி. மண்ணாங்கட்டியின் குரல்கூட வரவில்லை.

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான். திரையில் இன்னொரு கதவு வந்திருந்தது. திறந்தான்.

விளையாட்டுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஒரு வீடு, அவ்வளவுதான். கதவைத் திறந்தால் ஓர் அறை, அந்த அறையின் கதவைத் திறந்தால் இன்னோர் அறை. யாரும் முன்கூட்டி வரைந்து வைத்த அறைகள் அல்ல. கதவில் கை வைக்கிற கணத்தில் புரோகிராமே கட்டிக்கொள்ளும். எத்தனை நாள் நடந்தாலும் வீடு தீராது. புரோகிராமை எழுதியவன் அவனோடு படித்த புகழேந்தி. ஆசிரமத்துக்குப் பக்கத்தில், வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் மாடி அறை ஒன்றில் உட்கார்ந்து இரண்டு வருஷமாக எழுதினான். மூர்த்தியின் வேலை அதற்குள் நடப்பது. எங்கே அலுப்புத் தட்டுகிறது என்று நோட்டில் குறிப்பது. சென்னை வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்திருந்தான். கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் அவன் மனைவி கஸ்தூரி மலையில் கார்த்திகை தீபம் ஏற்றும் வரைக்கும் கெடு கொடுத்திருந்தாள்.

சுவருக்கும் சாமானுக்கும் புகழேந்தி படம் கேட்டபோது, மூர்த்தி ஒரு கேமராவை இரவல் வாங்கித் தன் வீட்டையே எடுத்தான். துடைத்துப் பெருக்கிய இடம் படத்தில் பொம்மை வீடு மாதிரி இருந்தது. அழுக்குத்தான் உயிரோடு இருந்தது. அடுப்புக்கு இடப்பக்கம் எண்ணெய் வழிந்து பிசுக்கேறிய மஞ்சள் சுவர். குளியலறையில் தண்ணீர் வடியும் ஜாலியில் சுருண்டு கிடந்த ஈர முடி. மோர் காய்ந்து வெள்ளையாகப் படிந்த டம்ளர். பத்து இருபது காட்டும் சுவர்க் கடிகாரம். பிளாஷ் வெளிச்சம் பட்டு நடுவில் வெளுத்துப்போன முகக் கண்ணாடி. சாப்பிட்டு எழுந்த தட்டு ஒன்று. ஓரத்தில் சாம்பார் காய்ந்திருந்தது. மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை ஏழு கிடந்தது.

"ஊரு உலகத்துக்கெல்லாம் நம்ம வூட்டு சாக்கடைய காட்டப் போறீங்களா?" என்றாள் கஸ்தூரி.

"நெஜமா இருக்கணும்ல?"

"அப்ப உங்க மூஞ்சியப் புடிச்சிப் போடுங்க. அத வுட நெஜமான அழுக்கு எங்க இருக்கு?"

பன்னிரண்டு படம். ஒன்பது சத்தம். சொட்டும் குழாய், கதவுக் கீல், ஈயின் ரீங்காரம் என்று எட்டைப் பதிவு செய்துவிட்டான். ஒன்பதாவதாக ஒரு மனிதக் குரல் வேண்டும் என்றான் புகழேந்தி. கூப்பிடுகிற குரல் ஒன்று இருந்தால்தான் ஆடுகிறவன் அடுத்த கதவைத் திறப்பானாம். மூர்த்தி மகளைப் பேச வைத்தான். எழிலுக்கு ஐந்து வயது. அன்று சளி. 'அப்பா, நான் வந்துட்டேன். கதவத் தொற' என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அந்த உறிஞ்சலோடு பதிவாயிற்று.

கஸ்தூரி அதற்கு மட்டும் சிரிக்கவில்லை. "கொழந்தக் கொரல எதுக்குங்க அதுக்குள்ள வக்கிறீங்க? எடுத்துடுங்க."

எடுத்துவிட்டேன் என்று சொன்னான். எடுக்கவில்லை.

முதல் வாரம் தூக்கம் வரவில்லை அவனுக்கு. யாரும் கால் வைக்காத அறைக்குள் முதல் ஆளாக நுழைகிற சுகம் அப்படி. இரண்டாம் வாரம் சுவர்களை அடையாளம் தெரிந்தது. மூன்றாம் வாரம் கதவைத் திறக்கும் முன்பே உள்ளே என்ன இருக்கும் என்று வயிற்றுக்குத் தெரிந்தது. நேற்று புகழேந்தியிடம் போனில் சொல்லிவிட்டான்.

"லட்சம் கோடி ரூம் இருக்குடா உள்ள," என்றான் புகழேந்தி.

"லட்சம் கோடி ரூம்லயும் என் வூட்டு சமையக்கட்டுதாண்டா இருக்கு. எச்ச தட்டப் பாத்துப் பாத்து சோறு எறங்க மாட்டேங்குது."

"அதுக்குத்தான் புதுசா ஒண்ணு எழுதி அனுப்பியிருக்கேன். நாளைக்குப் போட்டுப் பாரு. நீ எத நின்னு பாக்கறியோ அத ஞாபகம் வச்சிக்கும். அத ஜாஸ்தியாக் குடுக்கும். ஒனக்குப் புடிச்ச வூடா அதுவே மாறிடும். அலுக்கவே அலுக்காது."

"புடிக்காதத நின்னு பாத்தா?"

"புடிக்காதத எவன்டா நின்னு பாப்பான்?"

மூர்த்தி பார்த்தான். அருவருப்பைத்தான் கண் முதலில் தேடிப் போகிறது என்பது புகழேந்திக்குத் தெரிந்திருக்கவில்லை. காலையில் புது புரோகிராமைப் போட்டு நடக்கத் தொடங்கியதும் ஜாலியில் கிடந்த முடியின் மேல் கண் நின்றது. அடுத்த அறையில் இரண்டு ஜாலி. அதற்கடுத்ததில் தரை முழுக்க ஜாலி, ஒவ்வொன்றிலும் அதே முடி. தட்டைப் பார்த்தான். தட்டுகள் பெருகின. அலமாரியில், சாமி மாடத்தில், கட்டிலில் தலையணை இருக்க வேண்டிய இடத்தில். எல்லாவற்றிலும் ஏழு சக்கை. பார்க்கக் கூடாது என்று நினைத்ததும் கண் அங்கேயே போய் ஒட்டியது. நடுநடுவே எழிலின் குரல் கூப்பிட்டது. கூப்பிட்ட கதவையெல்லாம் திறந்தான்.

மில் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். முதலில் வாசனை வந்தது. பழைய எண்ணெயும் ஈர முடியும் புளித்த மோரும் ஒன்றாகக் கலந்து, மூடிய அறையில் பல நாள் வேர்த்த ஓர் உடம்பின் வாடைபோல மெதுவாக மூக்கில் ஏறி, அங்கிருந்து நாக்கில் இறங்கி, எச்சிலை விழுங்கவிடாமல் தொண்டையில் நின்றது. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவவில்லை என்று நினைவு வந்தது. எழுந்தான். தண்ணீர் குடிக்க வேண்டும். மூன்றரைக்கு எழிலைக் கூட்டிவர வேண்டும். பள்ளிக்கூட வேன் வேலூர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும். லாரிகள் நிற்காமல் போகிற ரோடு. டிரைவர் காசி இரண்டு முறை ஹாரன் அடிப்பான், இரண்டு நிமிஷம் பார்ப்பான், பிள்ளையை இறக்கிவிட்டுப் போய்விடுவான். அப்பா வராமல் ரோட்டைத் தாண்டக் கூடாது என்று எழிலுக்குச் சொல்லி வைத்திருந்தது. ஐந்து வயதுக்குச் சொன்னது எத்தனை நிமிஷம் நிற்கும்?

மணி பார்த்தான். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது.

பேட்டரி தீர்ந்திருக்கும்.

சமையலறையில் அடுப்புக்கு இடப்பக்கம் எண்ணெய்க் கறை. வலப்பக்கமும் இருந்தது. வலப்பக்கம் எப்போது வந்தது? ஒவ்வொரு வழிசலையும் அவன் அறிவான். மூன்று வாரமாகத் திரையில் பார்த்த கறை. மூன்றாவது சொட்டு பாதியில் வளைந்து நிற்கும். வலப்பக்கத்திலும் மூன்றாவது சொட்டு பாதியில் வளைந்து நின்றது. டம்ளரை எடுத்தான். உள்ளே மோர் காய்ந்த வெள்ளை. குழாயடியில் பிடித்துத் தேய்த்தான். போகவில்லை. நகத்தால் சுரண்டினான். வெள்ளை அப்படியே இருந்தது, நகத்தடியில் மட்டும் பிசுபிசுவென்று ஏதோ ஏறியது. டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினான். அம்மிமேல் அதே டம்ளர். ஜன்னல் விளிம்பில் அதே டம்ளர்.

முகத்தைக் கழுவப் போனான். கண்ணாடியில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெளுத்த வட்டம்.

ஜன்னலைத் திறந்தான். அங்கே மலை இருக்கும். இந்த ஊரில் எந்தப் பக்கம் தொலைந்தாலும் நிமிர்ந்து பார்த்தால் போதும், தான் எங்கே நிற்கிறோம் என்று மலை சொல்லிவிடும். மலையை அவன் படம் எடுக்கவில்லை. வெளிப்பக்கமே வேண்டாம் என்றிருந்தான் புகழேந்தி.

கம்பிக்கு அந்தப் பக்கம் சுவர். மஞ்சள். கம்பியை ஒட்டி, கை நீட்டவும் இடமில்லாமல். பிசுக்கு வழிந்து ஜன்னல் கட்டைமேல் சொட்டியிருந்தது.

அறைக்கு ஓடினான். போன் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருக்கிறது, கஸ்தூரியைக் கூப்பிட வேண்டும். மேசை இருந்தது. கம்ப்யூட்டர் இல்லை. போன் இல்லை. நோட்டு இல்லை. படம் எடுக்காத எதுவும் இல்லை. மேசையின் நடுவில் தட்டு இருந்தது. சக்கை ஏழும் ஈரமாக, நார் நாராகப் பல் பதிந்து, இப்போதுதான் துப்பியதுபோல் மெல்லிய ஆவியோடு கிடந்தன.

வாயைப் பொத்திக்கொண்டு ஹாலுக்கு வந்தான். வாசல் கதவைத் திறந்தான். சமையலறை. அதன் பின்கதவைத் திறந்தான். ஹால். பத்து இருபது. இன்னொரு கதவு. குளியலறை. தரையெல்லாம் ஜாலி, முடி கால்விரலுக்கிடையில் சுற்றியது, குளிர்ச்சியாக, வழவழவென்று. உதறினான். சுற்றியது.

பார்க்காதே. பார்ப்பதைத்தான் தரும். கண்ணை இறுக மூடினான்.

மூடிய பிறகு காது திறந்துகொண்டது. குழாய் சொட்டியது. ஈ. கீல். எல்லாம் அவன் எடுத்தவை. அதற்கு அடியில் இன்னொன்று. சவக் சவக் என்று. யாரோ நிதானமாக மெல்லுகிறார்கள். நாரை உறிஞ்சி, பல்லால் உருவி, மறுபடி மெல்லுகிறார்கள். அதை அவன் எடுக்கவில்லை.

சுவரைத் தடவிக்கொண்டே நடந்தான். உள்ளங்கை ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. பிசுக்கு இளஞ்சூடாக இருந்தது. ஓரிடத்தில் அது மெல்ல ஏறி இறங்கியது. கையை எடுத்தான். எடுத்தால் வழி தெரியவில்லை. மறுபடி வைத்தான்.

அப்போது ஹாரன் கேட்டது.

தூரத்தில். இரண்டு முறை. காசியின் வேன்.

ஒன்பது சத்தத்தில் அது இல்லை. அது நிஜம். நிஜ ரோடு, நிஜ வெயில், அந்தப் பக்கம் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நிற்கும் எழில். சத்தம் வந்த திசையில் ஓடினான். முழங்கால் எதிலோ மோதியது, தட்டுகள் உருண்டன, ஈரமாக ஏதோ பாதத்தில் நசுங்கியது. நிற்கவில்லை. நெற்றி மரத்தில் இடித்தது. கதவு. கண்ணைத் திறந்தான்.

கதவுக்கு அடியில் வெயில்.

வெயிலை அவன் படம் எடுக்கவில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"அப்பா, நான் வந்துட்டேன். கதவத் தொற."

கை நின்றது. சொல்லி முடித்த பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

இன்று காலையிலும் அவளுக்குச் சளி இருந்தது. கஸ்தூரி மூக்கைத் துடைத்துவிட்டாள். இவன் பார்த்தான். அப்படியானால் தனியாக ரோட்டைத் தாண்டி வந்திருக்கிறாள். வந்திருக்கலாம். திறக்காவிட்டால் வெயிலில் நிற்பாள். திரும்பவும் ரோட்டுப் பக்கம் போவாள்.

"எழிலு?"

"அப்பா, நான் வந்துட்டேன். கதவத் தொற."

உறிஞ்சல்.

முதுகுக்குப் பின்னால் இன்னொரு கதவு. அங்கிருந்தும் வந்தது. அதே வார்த்தை. அதே உறிஞ்சல். இடப்பக்கத்துக் கதவிலிருந்து. சமையலறைக்குள்ளிருந்து. கீழே, ஜாலிக்கு அடியிலிருந்து.

எல்லாக் குரலும் ஒன்றாக நின்றன.

மெல்லும் சத்தம் மட்டும். சவக். சவக். இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம். அவன் இடுப்பு உயரத்தில்.

அதுவும் நின்றது. துப்பும் சத்தம்.

கதவடியில் வெயில் மறைந்தது. இடைவெளி வழியாக ஒரு சக்கை உள்ளே வந்தது. ஈரமாக. விரல் ஒன்று அதைத் தள்ளி நேராக வைத்தது. போயிற்று. மறுபடி வந்தது. இரண்டாவது. மூன்றாவது. அவன் கால் விரலுக்கு முன்னால் வரிசையாக. நான்கு. ஐந்து. ஆறு.

ஏழாவதை ஐந்து விரலும் சேர்ந்து கொண்டுவந்தன. குட்டி விரல்கள். எழிலுடையவை மாதிரியே. நகம் இல்லை. தோல் மஞ்சள். அதன்மேல் பிசுக்கேறிய வழிசல். மூன்றாவது சொட்டு பாதியில் வளைந்து நின்றது.

விரல்கள் போகவில்லை. தரையில் உள்ளங்கையைத் திருப்பி வைத்துக் காத்திருந்தன.

வெளியே, வெகு தூரத்தில், வேன் கிளம்பிப் போகும் சத்தம்.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காமல், ஒவ்வொரு கதவையும் மாறி மாறிப் பார்த்தபடி, எல்லாக் கதவுக்கும் கேட்கும்படி, நிஜ எழிலுக்கு மட்டும் பதில் தெரிந்த ஒன்றை மூர்த்தி கேட்டான்:

"எழிலு... கண்ணு... மத்தியானம் டப்பால அம்மா என்ன வச்சிக் குடுத்தாங்க?"