அவள் ஒப்புக்கொண்ட திருட்டு

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைப்பதற்குள் கூடத்தில் நாற்காலி உருண்டது. மாமியாரின் அலறல் வீட்டையே உலுக்கியது.

"ஐயோ, பெரியவனே! விட்டுடுடா... உன்கூடப் பிறந்தவன்டா அவன்!"

அடுப்படியிலிருந்து அவள் ஓடி வந்தாள். அவள் கணவன் தன் தம்பியைச் சாப்பாட்டு மேஜைமேல் மல்லாக்கத் தள்ளிக் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தான். சின்னவனின் உதடு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. பக்கத்தில் லேப்டாப் திறந்து கிடந்தது. அதில் கிரிப்டோ காசைப் பூட்டி வைக்கும் கட்டைவிரல் அளவுக் கருவி ஒன்று செருகியிருந்தது.

"எங்கடா போச்சு? அப்பாவோட லேத் பட்டறையை வித்த காசுடா! எல்லாத்தையும் கிரிப்டோவா மாத்தி இந்த வாலட்டுக்கு அனுப்புன்னு உன்கிட்டதானே கொடுத்தேன்? திறந்து பார்த்தா பூஜ்யம் காட்டுதே!"

"அனுப்பிட்டேண்ணே... சத்தியமா... என்னன்னு பார்க்க விடு..."

"நீ பார்த்துக் கிழிச்சது போதும்!"

பெரியவனின் கை சுவரோரம் இருந்த ஸ்பேனரை எடுத்தது. இரும்பு தலைக்குமேல் உயர்ந்தது. சின்னவனின் கண்கள் செருகத் தொடங்கின.

அவள் மணமாகி வந்தபோது சின்னவன் அரைக்கால் சட்டை போட்ட பையன். அவன் படிக்க வேண்டும் என்பதற்காகத் தன் கல்லூரியைப் பாதியில் விட்டு வேலைக்குப் போனவள் அவள். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் அவள்தான் விழித்திருப்பாள். யோசிக்க நேரமில்லை... வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"அவனை விடுங்க! நான்தான்... நான்தான் தொலைச்சேன்!"

ஸ்பேனர் அந்தரத்தில் நின்றது.

"என்னடி சொன்னே?"

"யாரோ ஒருத்தன் போன்ல பேசினான்... அவன் சொன்னதையெல்லாம் அமுக்கினேன்... போயிடுச்சு... தம்பிக்கு எதுவும் தெரியாதுங்க!"

தம்பியின் கழுத்திலிருந்து எடுத்த கை அவள் கூந்தலைச் சுற்றியது. சுவரில் அவள் நெற்றி மோதியது, ஒருமுறை, மறுமுறை... காதுக்குள் குப்பென்று இரைச்சல். கீழே விழுந்தவளின் விலாவில் உதை விழுந்தது. தலையைக் காக்கக் கையைத் தூக்கினாள். ஸ்பேனர் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"குடும்பத்தை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்துட்டியேடி பாவி!" என்று மாமியார் வாயில் அடித்துக்கொண்டாள். தடுக்க ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

இருமி இருமி மூச்சைப் பிடித்த சின்னவன் மேஜையிலிருந்து அப்படியே அண்ணன்மேல் பாய்ந்தான். இருவரும் கட்டிப் புரண்டார்கள். கண்ணாடி அலமாரி நொறுங்கிச் சிதறியது. பெரியவனின் முகத்தில் முட்டி, கையை முறுக்கி, ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான் தம்பி. அண்ணியை மறைத்து நின்றான்.

"இன்னொரு அடி அவங்கமேல விழுந்துச்சு... அண்ணன்னு பார்க்க மாட்டேன்!"

"அவ வாயாலயே ஒத்துக்கிட்டாடா!"

"அந்தக் கருவியைத் திறக்க ரகசிய பின் நம்பர் இருக்கே, அதை அண்ணிக்குச் சொன்னியா?"

பெரியவனின் பார்வை லேப்டாப்பில் இருந்த கருவிக்குப் போனது.

"சொல்லுண்ணே! எனக்கே சொல்லாதவன் அவங்களுக்கா சொன்னே? பின் போட்டு, அதுல இருக்கிற பட்டனை அமுக்காம ஒரு காசு வெளியே போகாது. உனக்குத் தெரியாதா? என்னைக் காப்பாத்தப் பொய் சொன்னாங்கடா!"

மாமியாரின் அழுகை சட்டென்று நின்றது.

சின்னவன் ஒரு கையில் ஸ்பேனரை விடாமல், மறு கையால் லேப்டாப்பை இழுத்தான். விரலிலிருந்த ரத்தம் எழுத்துகளில் அப்பியது. அனுப்பியதற்கான எண்ணை எடுத்து, கிரிப்டோ கணக்குகளை யாரும் பார்க்கக்கூடிய பொதுத் தளத்தில் போட்டான். போய்ச் சேர்ந்துவிட்டதாகக் காட்டியது. முகவரியைக் கருவியின் திரையோடு ஒப்பிட்டான். அதே முகவரி. நெட்வொர்க்கின் பெயரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"கட்டணம் கம்மின்னு வேற நெட்வொர்க் வழியா அனுப்பியிருக்கேன். வாலட் ஆப்ல அந்த நெட்வொர்க்குக்கு அக்கவுண்ட் சேர்க்கல, அதான் காட்டல..."

சேர்த்தான். திரை சுழன்றது. முழுத் தொகையும் வந்து நின்றது.

"யாரும் எடுக்கலண்ணே... காசு எங்கேயும் போகல. ஒரு நிமிஷம் என்னைப் பார்க்க விட்டிருந்தா..."

பெரியவன் அப்படியே சரிந்தான். முழங்காலால் நகர்ந்து வந்து மனைவியின் பாதத்தைப் பிடித்தான்.

"ஆத்திரத்துல கண்ணு மறைச்சிடுச்சும்மா... மன்னிச்சிடு..."

அவள் காலை மெதுவாக இழுத்துக்கொண்டாள். நெற்றி ரத்தம் இமையில் இறங்கியது. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"எனக்கு அந்தப் பின் நம்பர் தெரியாதுன்னு இந்த வீட்டிலேயே உங்களுக்குத்தாங்க நல்லாத் தெரியும். ஆனா அடிக்க ஆள் கிடைச்சதும் அது ஞாபகம் வரல. உங்களோட இத்தனை வருஷம் இருந்துட்டேன்... இனி முடியாது. தம்பி, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போப்பா. அங்க கேட்டா, கீழே விழுந்தேன்னு சொல்ல மாட்டேன்."

சின்னவன் அவளைத் தாங்கி எழுப்பினான். வாசலில் மாமியார் வழியை மறித்தாள். போகாதே என்று சொல்லப்போகிறாள் என்றுதான் அவள் நினைத்தாள்.

"என் புள்ள உசிரைக் காப்பாத்தினவளை... நின்னு வேடிக்கை பார்த்தேனேடி!" கிழவியின் உடம்பு குலுங்கியது. "என்னையும் கூட்டிட்டுப் போடி... கேட்டா நானும் நடந்ததைச் சொல்றேன்."

அவள் முறியாத கையால் மாமியாரை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பின்னால், "அம்மா!" என்று பெரியவன் கதறினான். மூவரும் தெருவில் இறங்கினார்கள்.