கப்பல் கவுந்தா பார்க்கலாம்!

ட்ரிங்ங்ங்...!

நாற்பத்தோரு நாளாக ஊமையாகக் கிடந்த போன் அலறியது. பாய்ந்து எடுத்தாள் அவள்.

கப்பலைக் கடத்திய கொள்ளையர்கள், பிணைக்கைதிகளை இன்று பகல் பதினொன்றுக்கு வீட்டோடு பேச விடுவார்கள் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அவள் கணவன் அந்தக் கப்பலின் சமையல்காரன்.

"ஸ்பீக்கர்ல போடும்மா!"

கட்டிலில் இருந்து மாமனார் கத்தினார். இதய ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது நாள். 'கெட்ட சேதி எதுவும் காதுல விழக் கூடாது. விழுந்தா நான் பொறுப்பில்லை' என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

போட்டாள். கரகரவென்று இரைச்சல்.

"ஹலோ... நான்தான். நல்லா இருக்கேன்."

குரல் கம்மியிருந்தது. இருந்தால் என்ன? உயிரோடு இருக்கிறான்! அவளுக்கு அழுகை பொங்கியது.

"சாப்டீங்களா?"

"சாப்டேன். நீ சாப்டியா?"

போனையே உற்றுப் பார்த்தாள்.

பத்து வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவன் ஒழுங்காகப் பதில் சொன்னதே கிடையாது. 'நான் சமைச்சதை நானே சாப்பிடணுமா? கப்பல் கவுந்தா பார்க்கலாம்!' என்பான். தன் சமையலைப் பற்றிக்கூடப் பொய் சொல்ல வராத மனுஷன்.

இது... அவன் இல்லை!

கட்டிலைப் பார்த்தாள். மாமனார் முகமெல்லாம் சிரிப்பு. அலறலை அப்படியே விழுங்கினாள்.

"அங்க... எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

எதிர்முனையில் குரல் தாழ்ந்தது.

"என் ரூம்ல இருந்தவன் போயிட்டான். வயர்லெஸ்ல சேதி அனுப்பினது யாருன்னு துப்பாக்கியை நீட்டிக் கேட்டாங்க. 'நான்தான்'னுட்டான்."

புரிந்துவிட்டது. பேசுகிறவன்தான் அறை நண்பன். செத்தவன்... அவள் புருஷன்!

"தெரியாதுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே..." குரல் உடைந்தது.

"அவனுக்குப் பொய்யே வராதும்மா. உசுரு போறப்பகூட அவங்க அப்பாவைப் பத்திதான் கவலைப்பட்டான்." அந்தப் பக்கமும் விசும்பல். "அப்பா... தைரியமா இருங்கப்பா! சீக்கிரம் வந்துடறேன்!"

"வாடா... வா!" என்றார் மாமனார்.

லைன் அறுந்தது.

"பார்த்தீங்களா மாமா? உங்க பிள்ளை எவ்வளவு தெம்பா பேசறார்!" பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அழுதால் இன்னொரு உயிரும் போய்விடும்!

அவர் அவள் கையைப் பிடித்தார்.

"போதும்மா... அழுதுடு."

"மாமா...?"

"பேச வந்த நாள்லேருந்து என்னை 'யோவ் பெருசு'ன்னு கூப்பிட்டவன் அவன். இன்னிக்கு 'அப்பா'வாம்... 'இருங்கப்பா'ன்னு மரியாதை வேற!"

"தெரிஞ்சுமா சிரிச்சீங்க?"

"நீ தாங்க மாட்டியேன்னுதான்."

கட்டில் விளிம்பில் முகம் புதைத்துக் கதறினாள். தையல் போட்ட நெஞ்சை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் அவள் தலையைத் தடவினார் அவர். கண்ணீர் தாடைக்கு வந்திருந்தது.

"இந்தக் குடும்பத்துல நடிக்கத் தெரியாதவன் அவன் ஒருத்தன்தாம்மா. படுபாவிக்கு... சமைக்கவும் தெரியாது!"