ஈரச்சாக்கின் மூச்சு

கொடியிலிருந்து எடுத்த காக்கிச் சட்டை மடங்க மறுத்தது. ரெங்கசாமி அதற்குள் கையை நுழைத்தபோது காய்ந்த சருகை மிதித்தது போல நொறுநொறுவென்று சத்தம் வந்தது. கால்சட்டையும் அப்படித்தான், தரையில் நிறுத்தி வைத்தால் தானாக நிற்கும் போலிருந்தது. மார்பிலும் தொடையிலும் வெள்ளை வெள்ளையாக வரி ஓடியிருந்தது.

"அமராவதி, காக்கிக்குக் கஞ்சி போட்டியா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க" என்று அடுப்படியிலிருந்து பெண்டாட்டியின் குரல் மட்டும் வந்தது. "அலசுறதுக்கே தண்ணியக் காணோம், கஞ்சிக்கு எங்கிட்டுப் போக? குழாய்ல ரெண்டு கொடந்தான் வந்துச்சு. ஒங்க காக்கி, எஞ்சீலை, புள்ளத்துணி, தூளிச்சீலை எல்லாத்தையும் ஒரே அண்டாவுல முக்கிப் புழிஞ்சு போட்டுட்டேன்."

அவள் மேல் தப்பில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டுச் சித்திரை அது. புதுக்கோட்டைச் சீமையில் குளமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு அண்டாத் தண்ணீரில் ஒரு வீட்டுத் துணி முழுக்க முங்கி எழுந்தது அவள் வீட்டில் மட்டுமா என்ன?

"ஒரு செம்புத் தண்ணி மட்டும் ஒளிச்சு வச்சிருக்கேன்" என்றாள் அமராவதி. "மத்தியானம் பாப்பாவுக்குத் தலைக்கு ஊத்தி, தூளியில போட்டு, சாம்பிராணி காட்டணும்."

பாப்பா நான்கு மாதக் குழந்தை, பெயர் அழகம்மாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள். அவளுக்கு முன்னால் வந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் ரெங்கசாமி டியூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் தூளிக்குள் எட்டிப் பார்த்து, வயிறு ஏறி இறங்குகிறதா என்று நிச்சயப்படுத்திக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவான். ஃபயர் சர்வீஸில் பதினோரு வருஷம் நெருப்போடு மல்லுக்கட்டிய ஆளுக்கு வீட்டில் இப்படி ஒரு கோழைத்தனம்.

அன்றும் எட்டிப் பார்த்தான். சின்ன வயிறு ஏறி இறங்கியது. நிம்மதியாகத் திரும்பிச் சட்டைப் பொத்தானைப் போடும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நீளமாக ஒரு மூச்சு உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக வெளியே வந்தது. குழந்தையின் மூச்சு இல்லை, அவனுடையதும் இல்லை.

மூன்று நாளாக இந்தச் சனியன் அவனை விடவில்லை.

மூன்று நாளைக்கு முன்னால், கந்தர்வக்கோட்டை சாலையில் ஒரு முந்திரிக் கிட்டங்கி பற்றிக்கொண்டது. முந்திரித் தோட்டு மூட்டைகள் எண்ணெய் கக்கி எரிந்தன. அந்தப் புகை கண்ணில் பட்டால் மிளகாயை அரைத்து அப்பியது மாதிரி எரியும். வண்டியில் இருந்த தண்ணீர் முழுவதையும் அடித்துத் தீயை ஒருவழியாகப் படுக்க வைத்தார்கள். பின்மூலையில் மட்டும் வெள்ளையாக ஏதோ பொங்கிக் கசிந்த மூட்டைகள் நாலைந்து கனன்றுகொண்டிருந்தன. முதலாளியைக் கேட்டால், "அது வெறும் உப்பு மூட்டைங்க, அத விடுங்க" என்று முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டார். வண்டி தண்ணீர் தேடிப் போயிற்று. கிட்டங்கியில் ரெங்கசாமியும், வயசான வாட்ச்மேன் உடையப்பனும்தான் மிச்சம்.

கூரையோ வைக்கோற்போரோ கனன்றால் என்ன செய்வார்கள்? ஈரச்சாக்கைப் போட்டு மூடி, காற்றில்லாமல் அமுக்கிச் சாகடிப்பார்கள். ரெங்கசாமி நூறு தடவை செய்த வேலை. தொட்டியில் எஞ்சியிருந்த தண்ணீரில் சாக்குகளை நனைத்து, அந்த மூட்டைகளைக் கட்டிப்பிடித்து மூடினான். வெள்ளைக் கூழாகத் தண்ணீர் வழிந்து அவன் மார்பையும் தொடையையும் நனைத்தது. புகை நின்றது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஐயா" என்றார் உடையப்பன். குரல் ஒரு மாதிரி இருந்தது. "மூச்சு விடுதுங்க."

ரெங்கசாமி பார்த்தான். ஈரச்சாக்கு மெல்ல மேலெழும்பியது. தாழ்ந்தது. மறுபடி எழும்பியது. அடியில் யாரோ மல்லாந்து படுத்து அயர்ந்து தூங்குவது போல.

"சாக்கு எங்கயாவது மூச்சு விடுமா பெரியவரே?" என்று சிரித்தான். "ஆவி கிளம்புது, அம்புட்டுத்தான். அணைஞ்சிருச்சு. நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிருங்க, நான் வண்டி வருதான்னு பாத்துட்டு வாரேன்."

வாசலைத் தாண்டிப் பத்தடி வைத்திருப்பான். உச்சிவெயிலில், காலடியில் சுருண்டு கிடந்த அவன் நிழல் திடீரென்று அவனுக்கு முன்னால் நீளமாகப் பாய்ந்தது. முதுகுக்குப் பின்னால் வெயிலைவிட வெள்ளையாக ஏதோ எழுந்திருந்தது. உடையப்பன் கத்தவில்லை. கத்துவதற்கு வேண்டிய மூச்சை அது முதலிலேயே எடுத்துக்கொண்டது.

விசாரணைக்கு வந்தவர்களிடம் ரெங்கசாமி வாயைத் திறக்கவில்லை. 'நான்தான் அவரைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன்' என்ற ஒரு வாக்கியம் தொண்டைக்குழி வரை வந்து வந்து திரும்பிப் போயிற்று. அன்றிலிருந்து மூச்சுச் சத்தம். ஸ்டேஷனில் சுருட்டி வைத்த ஓஸ் குழாய்க்குப் பக்கத்தில் கேட்டது. நேற்று, கொடியில் காயும் துணிகளின் நடுவே கேட்டது. காற்றே இல்லாத வேளையில் துணிகள் எல்லாம் ஒரே சமயத்தில் புடைத்து, ஒரே சமயத்தில் ஒட்டிப்போயின. கண்ணைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பதினொரு மணிக்கு மேல் ஸ்டேஷன் ஆபீசர் முத்துராமன் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜையில், மெட்ராஸிலிருந்து வந்த டைப் அடித்த காகிதம் ஒன்று கிடந்தது.

"அந்த உப்பு, உப்பில்லப்பா" என்றார். கண் காகிதத்திலேயே இருந்தது. "கிணறு வெட்டறப்போ பாறைக்கு வெடி வைக்கிறாங்கல்ல, அந்த வகை. குளோரேட்டாம். லைசென்ஸ் இல்லாம ஒளிச்சு வச்சிருக்கான் பாவி. இத மூடினா அணையாதாம். தனக்கு வேணுங்கிற காத்தைத் தனக்குள்ளயே வச்சிருக்குமாம். தண்ணியக் கொட்டு கொட்டுன்னு கொட்டிக் குளிர வைக்கணும். சாக்கப் போட்டு அமுக்கினா உள்ளுக்குள்ள கனன்று கனன்று வெடிக்குமாம்."

முத்துராமன் காகிதத்தைத் திருப்பினார்.

"இன்னொண்ணும் போட்டிருக்கான். அந்தத் தண்ணி பட்ட துணியைக் காய விடக்கூடாது. காஞ்சா ஒரு உரசல் போதும், ஒரு பொறி போதும், ஆளோட போயிரும். அன்னைக்குப் போட்டிருந்த காக்கி எங்க?"

"தொவச்சாச்சு சார்."

"நெறய தண்ணியில அலசினாத்தான் அது போகும். எவ்வளவு தண்ணியில தொவச்சீங்க?"

இரண்டு குடம். ஒரே அண்டா. புள்ளத்துணி. தூளிச்சீலை.

சுவர்க்கடிகாரம் பதினொன்றரை காட்டியது. மத்தியானம் தலைக்கு ஊற்றி, தூளியில் போட்டு, சாம்பிராணி காட்டணும் என்றாளே. தணல். தூளிக்கு நேர் கீழே தணல்.

ரெங்கசாமி வெளியே ஓடினான். முத்துராமன் நிமிர்ந்து பார்த்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது அவனுக்குத் தெரியாது. "ஏய் ரெங்கசாமி! நில்லுய்யா! போட்டிருக்கிறத..." என்று அவர் கத்தியது சைக்கிள் தெருமுனை திரும்பும்போது எங்கோ கேட்டது. என்ன சொல்கிறார் என்று நிற்க அவனுக்கு நேரமில்லை.

வெயிலில் தார் இளகிக் கிடந்தது. தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. வியர்வை வந்த இடத்திலேயே காய்ந்தது. பெடலை மிதிக்க மிதிக்க நொறுநொறு என்று ஒரு சத்தம் கூடவே வந்தது, அதோடு அந்த மூச்சும். இரைக்கிறது, என் மூச்சுதான் என்று சொல்லிக்கொண்டான். மாரியம்மன் கோயில் திருப்பத்தில், சோதித்துப் பார்க்க, வாயை இறுக மூடி மூச்சைப் பிடித்தான்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

தாயே, பாப்பாவை மட்டும் விட்டுவிடு. என்னை எடுத்துக்கொள். உடையப்பனை நிற்கச் சொன்னது நான்தான். ஊரறியச் சொல்லிவிடுகிறேன். அவளை மட்டும் விட்டுவிடு.

வீட்டு வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தான். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. கிரீச் என்று உத்திரத்துக் கொக்கி முனகியது. மறுபடி கிரீச். தூளி ஆடிக்கொண்டிருந்தது. அதில் கட்டிய கயிறு தரையோடு நீண்டு, அடுப்படி வாசற்படி தாண்டி உள்ளே போயிருந்தது. அமராவதி எப்போதும் அதைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டுதான் சமைப்பாள்.

கிரீச். கொக்கியில் சீலை உரசியது. உரசிய இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

எட்டித் தூளியைப் பிடித்து நிறுத்தினான். கயிற்றை அவிழ்த்துவிட்டான். தூளியை மெல்ல விலக்கி, தூங்குகிற குழந்தையை இரண்டு கையாலும் ஏந்தி, சீலையில் படாமல், ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக வெளியே எடுத்தான். ஈரத்தலை. துணி போடாத வெற்றுடம்பு. வாயோரத்தில் பால் வாசனை.

எடுத்துவிட்டான்.

நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தப்பித்தாயடி என் ராசாத்தி என்று உச்சியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான். ஆட்டம் நின்ற தூளி வெறுமனே தொங்கியது. வீடு அமைதியாக இருந்தது.

அப்போது கேட்டது.

தூளியிலிருந்து இல்லை. குழந்தையின் மூச்சு காதோரம் சின்னதாகத் தனியே கேட்டது. இது பெரியது. நிதானமானது. குழந்தைக்கு அடியிலிருந்து வந்தது.

குனிந்து பார்த்தான்.

காக்கிச் சட்டையின் மார்பில், குழந்தையின் கன்னம் பதிந்த இடத்தைச் சுற்றி, வெள்ளை வரிகள். சட்டை எழும்பியது. குழந்தையோடு சேர்ந்து எழும்பியது. தாழ்ந்தது. அவன் மூச்சே விடவில்லை.

அதே அண்டா. அதே தண்ணீர். இரண்டு மைல் பெடல் மிதித்திருக்கிறான்.

குழந்தையைக் கீழே விட்டுவிடலாம். குனிந்தான். தொடையோடு தொடை உரச, நொறுநொறு. அக்குளில் சுருக்கென்று ஒரு சூடு. நின்றான். அசையக்கூடாது. இப்படியே நிற்கணும். அவள் வரட்டும், வந்து பிள்ளையை வாங்கிக்கொள்ளட்டும். வெறுங்கையோடு வரட்டும்.

"வந்துட்டீங்களா?" என்று அடுப்படியிலிருந்து அமராவதி கேட்டாள். "கயிறு எளகிருச்சேன்னு பாத்தேன். அவள எதுக்கு எழுப்புனீங்க? இருங்க, அப்புடியே புடிச்சிக்கிருங்க. தலை ஈரம் காயல."

வராதே என்று கத்த வாயைத் திறந்தான். மூச்சு வரவில்லை. அவன் மூச்சு அவனிடம் இல்லை. நெஞ்சின் மேல் அது பெரிதாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"ஐயா" என்றது காதுக்குப் பக்கத்தில் ஒரு வயசான குரல். "மூச்சு விடுதுங்க."

அமராவதி வாசற்படியில் வந்து நின்றாள். கையில் இரும்புக் கரண்டி. கரண்டி நிறையத் தணல். சாம்பல் பூத்துக் கிடந்தது. அவள் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தணலுக்குக் குனிந்து, உதட்டைக் குவித்து, ஊதினாள்.

தணல் சிவந்தது. ஒரே ஒரு பொறி மேலெழும்பியது.

கூரையைப் பார்த்து நேராகப் போய்க்கொண்டிருந்தது அது. ரெங்கசாமியின் சட்டை நீளமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. பொறி நடுவழியில் நின்று, தயங்கி, அவன் பக்கம் திரும்பியது.