கற்கண்டோடு திரும்பிய காலணா

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கத்தைச் சும்மா பார்த்துப் பேச யாரும் வருவதில்லை. வந்தால் ஏதாவது வழக்கோடுதான் வருவார்கள். 1991 ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அவர் வீட்டுக்கு ஞானதுரை வந்ததும் அப்படித்தான். தபால் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர், கல்யாணமாகாதவர், நாற்பது வருடமாகப் பழங்காசு சேர்ப்பவர்.

"அண்ணாச்சி, எனக்கு இருந்தது ஒரே ஒரு கூட்டாளி. அவனே என் காசை மாத்திட்டான்" என்று சொல்லி, ஒரு காகிதப் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்த சைக்கிள் கடை சோலைராஜ் துள்ளி எழுந்தார். வயது நாற்பதைத் தாண்டியும் மர்ம நாவல் பைத்தியம் தெளியாத மனிதர். "போலிக் காசா சார்? பெரிய கும்பலா இருக்குமோ?"

"ஏலே, செத்த நேரம் வாயை மூடு. அவரு சொல்லட்டும்."

ஞானதுரை சொன்னார். கூட்டாளியின் பெயர் முத்துவீரன். ராஜபாளையத்துக்காரர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். பிள்ளைகள் இல்லை. மனைவி செல்லத்தாய் இறந்த பிறகு, அவள் கடுகு டப்பாவில் நாலு பழங்காசு கிடைத்தது. அது என்ன காசென்று விசாரித்துக்கொண்டு வந்தவர் ஞானதுரையிடம் சிக்கினார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஞானதுரை ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினார். காசை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும், லென்ஸ் வைத்து வருடம் பார்க்க வேண்டும், தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படம் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். படம் எடுத்துப் பழகட்டும் என்று தன் அப்பாவின் கம்பெனிக் காலத்துக் காலணாவையும் இரவல் கொடுத்தார்.

"1835-ல அடிச்ச செப்புக் காசு. கருகருன்னு இருக்கும். அந்தக் கருப்புதான் அதுக்கு அழகே. பதினஞ்சு நாள் வச்சிருந்து பொட்டலமாத் திருப்பிக் குடுத்தான். வீட்டுல வந்து பிரிச்சா, நேத்து அடிச்சது மாதிரி பளபளங்குது! மறுநாளே போய், 'என் காசை எங்கடா?'ன்னு கேட்டேன். 'குடுத்ததைத்தான் குடுத்தேன்'னான். கள்ளப்பயன்னு சொல்லிட்டேன். கதவைச் சாத்திட்டான்."

"பொறவு?"

"மூணு ஞாயிறு ஆச்சு." அவர் குரல் இறங்கிவிட்டது. "சர்ச்சுக்குப் போய்ட்டு வந்தா, அன்னைக்குப் பொழுதை என்ன செய்யன்னே தெரியல அண்ணாச்சி."

சங்கரலிங்கம் பொட்டலத்தைப் பிரித்தார். செந்நிறமாக மின்னும் காசு. கூடவே மூன்று கற்கண்டுத் துண்டுகள்.

"இது என்ன?"

"அதுவும் அவன் வச்சதுதான். ஏமாத்துறவன் இனிப்புக் குடுத்துத்தான ஏமாத்துவான்!"

சங்கரலிங்கம் சிரிக்கவில்லை. "உங்க காசோட பென்சில் படம் உங்ககிட்ட இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. அதை எடுக்க ஞானதுரையின் வீட்டுக்குப் போனார்கள். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஜன்னலோரம் எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று சம்பந்தமில்லாமல் நின்றது.

"வீரனோடது. அதிரசம் போட்டுக் குடுத்தான். திருப்பிக் குடுக்கறதுக்குள்ள இப்படி ஆகிப்போச்சு."

காசையும் பென்சில் படம் இருந்த நோட்டுப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு சங்கரலிங்கமும் சோலைராஜும் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினார்கள்.

பழங்காசு பார்க்க வந்திருப்பதாகச் சொன்னதும் முத்துவீரனின் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், பேச ஆள் கிடைத்த சந்தோஷம். சிகரெட் டப்பாவிலிருந்து ஏழெட்டுக் காசுகளை எடுத்துப் பரப்பினார். எல்லாம் கருப்பேறியவை. அடுப்படியில் சட்டி பானையெல்லாம் கரி பிடித்துக் கிடந்தது.

அப்போது பக்கத்து வீட்டுப் பாலம்மாள் வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, எங்க பித்தளைச் செம்பு இருக்கா?"

"இந்தா தாயி." முத்துவீரன் எடுத்துக் கொடுத்த செம்பு தங்கமாக மின்னியது. உள்ளே ஒரு துண்டு கருப்பட்டி. "வெறுஞ்செம்பை நீட்டுனா செல்லத்தாய் என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாளே!"

சங்கரலிங்கம் செம்பைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், வணக்கம் சொல்லிவிட்டு எழுந்தார். சோலைராஜுக்குத் தாங்கவில்லை. காசைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் என்ன துப்பு இது!

மாலையில் ஞானதுரை வீட்டில் சங்கரலிங்கம் நோட்டை விரித்தார். "படத்துல பாருங்க. சிங்கத்தோட காலுக்குக் கீழ ஒரு வெட்டு. விளிம்புல ஒரு நெளிசல். இப்பக் காசைப் பாருங்க."

ஞானதுரை லென்ஸை வைத்தார். அதே வெட்டு. அதே நெளிசல். எழுத்துகளின் இடுக்கில் பழைய கருப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கலரைப் பாத்ததும் உங்களுக்குக் கோவம் வந்துட்டு. அதனால படத்தோட ஒப்பிட்டுப் பாக்கவே இல்ல. இது உங்கப்பா காசேதான். புளி போட்டு விளக்கியிருக்கான்."

"அவன் காசெல்லாம் கருப்பாத்தான இருக்கு சார்?" என்று மடக்கினார் சோலைராஜ். "விளக்குற ஆளா இருந்தா அதையில்ல முதல்ல விளக்கியிருப்பான்?"

"அங்கதான் விசயமே இருக்கு. அவன் சட்டி பானை கரியோட கெடக்கு. பாலம்மா செம்பு மட்டும் மின்னுது. நம்ம வீடுகள்ல இரவல் வாங்கின ஏனத்தை எப்படித் திருப்பிக் குடுப்போம்? விளக்கி, உள்ள ஏதாவது போட்டுத்தான குடுப்போம். செல்லத்தாய் அப்படித்தான் பழக்கியிருக்கா. காசும் அவனுக்கு இரவல் பண்டம்தான். மரியாதை செஞ்சு அனுப்பியிருக்கான். அந்தக் கற்கண்டு அதுக்குத்தான்."

ஞானதுரை லென்ஸைக் கீழே இறக்கினார். "பழங்காசைக் கழுவக் கூடாதுன்னு நான் அவன்கிட்டச் சொல்லவே இல்ல அண்ணாச்சி" என்றார். "அம்புட்டும் சொன்னேன், அதைச் சொல்லல. கள்ளப்பயன்னு மட்டும் சொல்லிட்டேனே!" துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"அழுது முடிச்சிட்டு அந்தத் தூக்குவாளியை விளக்குங்க. நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும்ல?"

மறுநாள் காலை முத்துவீரன் கதவைத் திறந்தபோது, தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய தூக்குவாளியோடு ஞானதுரை நின்றார். உள்ளே சூடு ஆறாத பால்கோவா. சங்கரலிங்கமும் சோலைராஜும் தெருமுனையிலேயே நின்றுகொண்டார்கள்.

"தப்பு என்னோடதுடா வீரா. காசு என்னோடதேதான். கழுவிட்டியா, அதான் அடையாளம் தெரியல."

முத்துவீரனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "அப்ப... கழுவக் கூடாதா? உங்கப்பா காசை நான் கெடுத்துட்டேனா?"

கெட்டுத்தான் போயிருந்தது. அந்தக் கருப்பு ஞானதுரையின் ஆயுசுக்குள் திரும்பாது. அவர் காசை ஓரத்தில் பிடித்து எடுத்து, முத்துவீரனின் உள்ளங்கையில் வைத்தார்.

"திரும்பக் கருக்கும். வருசக்கணக்கா ஆகும். உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "எம்புட்டுக் கருத்திருக்குன்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வந்து பாத்துக்கிடுறேன்."